மூலைக்கு அப்பால் உள்ள எழுத்தைப் படிக்க, நெட்வொர்க் மட்டும் போதுமா?

கேள்வி: சுவர் மூலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் 1 செ.மீ. எழுத்தைச் சாதாரண கேமராவால் படிக்க முடியுமா? பச்சை லேசர் பாயிண்டர் இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் நியூரல் நெட்வொர்க்குக்கு (தரவைப் பார்த்துக் கற்கும் நிரலுக்கு) எதைக் கொண்டு பயிற்சி தருவது?

பதில்: முடியும். 2020-இல் 'ஆப்டிகா' ஆய்விதழில் வந்த முறை இதைச் செய்து காட்டியது. ஆனால் பாயிண்டரை நம்ப முடியாது. அதன் ஒளி பல அலைநீளங்களாகச் சிதறியிருந்தால், இந்த முறைக்கு அடிப்படையான ஸ்பெக்கிள் என்னும் ஒளிப்பொட்டுக் கோலம் அழிந்துவிடும். ஒற்றை மோடு லேசர், அதாவது ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் ஒளி தருவது, வேண்டும். அதற்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

லேசர் சுவரில் பட்டுச் சிதறி, எழுத்தைத் தொட்டு, மீண்டும் சுவருக்கு வருகிறது. அங்கே விழும் மணல்மணி போன்ற ஒளிப்பொட்டுகள்தான் ஸ்பெக்கிள். அலைநீளம் 532 நானோமீட்டர், எழுத்து 1 மீட்டர் தள்ளி என்றால் ஒரு பொட்டு சுமார் 0.05 மி.மீ. ஆகவே ஒரு பிக்சல் சுவரில் 0.025 மி.மீ.க்கு மேல் அடைக்கக் கூடாது. லென்ஸ் துவாரத்தை நன்றாகத் திறந்து வையுங்கள். சுருக்கினால் சுவரின் சொரசொரப்பே வேறொரு ஸ்பெக்கிளை உண்டாக்கிக் குழப்பும். லேசர் நேரடியாக விழும் இடம் படத்துக்குள் வரவே கூடாது, தடுப்பு வையுங்கள். ஜேபெக் வேண்டாம், ரா கோப்பு மட்டும்.

லேசர் புள்ளியைச் சற்றுச் சற்றே நகர்த்திப் பல படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றின் ஃபூரியர் உருமாற்றத்தின் (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கின்) அளவை இருமடியாக்கிச் சராசரி எடுத்தால், நடுப்புள்ளியின் பெருவெளிச்சம் போக, எழுத்தின் ஆட்டோகோரிலேஷன் கிடைக்கும், அதாவது எழுத்தை அதன்மேலேயே நகர்த்தி வைத்தால் எவ்வளவு பொருந்துகிறது என்ற வரைபடம். நெட்வொர்க்கின் வேலை இங்கேதான் தொடங்குகிறது: இதிலிருந்து எழுத்தின் வடிவத்தை மீட்பது.

பயிற்சிக்கு நிஜப் படங்கள் தேவையில்லை. கோட்டு வடிவங்களின் ஆட்டோகோரிலேஷனைக் கணக்கிட்டு இரைச்சல் சேர்த்து யூ-நெட் என்னும் வகை நெட்வொர்க்குக்குக் கொடுக்கலாம். பலரும் சறுக்குவது இந்த இரைச்சலில். எல்லா இடத்திலும் ஒரே அளவு காசியன் இரைச்சலை (மணி வடிவப் பரவலில் வரும் தற்செயல் இரைச்சலை) தூவாதீர்கள். ஸ்பெக்கிள் இரைச்சல் சிக்னல் வலுவான இடத்தில் கூடும். நீங்கள் நிஜத்தில் எடுக்கும் அதே எண்ணிக்கையில் போலி ஸ்பெக்கிள் படங்களைக் கணினியில் உருவாக்கி, அவற்றிலிருந்து இரைச்சலைப் பெறுவது நல்லது.

இன்னொன்று: 'ப'வுக்கும் அதை 180 பாகை சுழற்றித் தலைகீழாக்கிய வடிவத்துக்கும் ஆட்டோகோரிலேஷன் ஒன்றுதான். நேரான எழுத்துகளை மட்டுமே பார்த்த நெட்வொர்க் எப்போதும் நேரான 'ப'வையே வரையும். அது அளந்ததல்ல, பழக்கம். எழுத்தை எடுத்துவிட்டு வெறுமையாக ஒருமுறை படமெடுத்துப் பாருங்கள். அப்போதும் எழுத்து தெரிந்தால் பயிற்சித் தரவை மாற்றுங்கள், கேமராவைத் தொடாதீர்கள்.