வடசென்னை பஸ்: கேட்டார்கள், சொன்னேன்

வடசென்னை டெப்போக்களில் கண்டக்டராக இருந்து, டைம் கீப்பராக ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பேட்டை ஆட்களிடம் சொல்லியிருந்தேன். நிறைய வந்தது. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராயபுரம், கல்லூரி மாணவர்: தாத்தா 'பல்லவன்' என்கிறார், அப்பா 'அம்பேத்கர் பஸ்' என்கிறார், டிக்கெட்டில் 'மாநகர் போக்குவரத்துக் கழகம்' என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றா சார்?

ஒன்றுதான் தம்பி, ஆனால் நடுவில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பமானது. அன்றைக்கு 1029 பஸ், 8 டெப்போ. அதற்கு முன்னால் அரசாங்கத்தின் போக்குவரத்துத் துறையே நேரடியாக ஓட்டியது. 1994-ல் பல்லவனை இரண்டாகப் பிரித்து, வடக்குப் பக்கத்துக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் அப்பா சொல்வது அதைத்தான்.

1997-ல் விருதுநகர் பக்கம் புதுக் கழகத்துக்கு கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது சாதிக் கலவரமாகிவிட்டது. தலைவர் பெயரே வேண்டாம் என்று முடிவு செய்த அரசு, மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்தது. மன்னர் பெயரான பல்லவனும் அதோடு போனது. நாங்கள் மாநகர் கோட்டம் ஒன்று, இரண்டு ஆனோம். 2001 ஜனவரியில் இரண்டையும் மறுபடி சேர்த்தார்கள். அண்ணா சாலை முனையில் இருக்கும் தலைமை அலுவலகம் மட்டும் இன்னும் பல்லவன் இல்லம்தான்.

என்னைக் கேட்டால், பிரித்திருந்த அந்த ஏழு வருஷம் வடக்குக்கு நல்லதுதான். தி.நகரில் கூட்டம் அதிகம் என்று எங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது பாருங்கள்.

காலடிப்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியை: பல்லவனுக்கும் முன்னால் என்ன ஓடியது?

அம்மா, டிராம். 1895-ல் ஆரம்பித்தது. முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். மெட்ராஸ் மழை அதைச் சும்மா விடுமா? அப்புறம்தான் தலைக்கு மேலே கம்பி இழுத்தார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை வரைக்கும் தண்டவாளம் இருந்தது. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது.

அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. தனியார் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆள் ஏற்றின. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக் கரி வாயுவில் ஓட்டினார்கள். 1947-ல் அரசாங்கமே நகரத்தில் பஸ் ஓட்டத் தொடங்கியது.

திருவொற்றியூர், ஆட்டோ ஓட்டுநர்: 28-க்கும் 28பி-க்கும் என்னண்ணே வித்தியாசம்? 'கட்' என்று போர்டு போட்டு பாதி வழியில் இறக்கிவிடுகிறார்களே?

முதலில் ஒரு தடத்துக்கு ஒரு எண்தான் இருந்தது. பிறகு அதே சாலையில் கொஞ்சம் தள்ளிப் போகிற வண்டிக்கும், நடுவில் வேறு பக்கம் திரும்புகிற வண்டிக்கும் ஏ, பி, சி என்று எழுத்தைச் சேர்த்தார்கள். அதனால் எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து வண்டி என்று ஓரளவு பிடிபடும். திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் போகிற 1-ஆம் நம்பருக்கு எழுத்து தேவைப்படவில்லை. ஊரின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போகிற வண்டி அது.

'கட்' என்றால் முழுத் தடமும் போகாமல் நடுவில் திரும்புகிற வண்டி. கூட்டம் எதுவரை இருக்கிறதோ அதுவரை போய்விட்டு வரும். அட்டவணையிலேயே கட் என்று இருந்தால் தப்பில்லை. ஆனால் முழுத் தடத்து வண்டி தாமதமாகி, அடுத்த டிரிப்பைப் பிடிக்கிறேன் என்று நடுவில் திருப்பினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயம்.

கொருக்குப்பேட்டை, துணிக்கடை ஊழியர்: அரை மணி நேரம் ஒன்றும் வராது. வந்தால் ஒரே நம்பர் மூன்று வண்டி சேர்ந்து வரும். டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துக்கொண்டு கிளம்புகிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டெர்மினஸில் இருக்கும் அந்தச் சின்னக் கூண்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு டிரிப் ஷீட்டிலும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன்: பத்து நிமிஷ இடைவெளியில்தான் அனுப்புவோம்.

வழியில் நடப்பது வேறு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் பக்கம் வரிசை கட்டி நிற்கும். முதல் வண்டி அதில் ஐந்து நிமிஷம் மாட்டுகிறது. அதற்குள் முன்னால் இருக்கிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூடுதலாகப் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். அத்தனை பேரும் ஏறி இறங்க நேரமாகும். நேரமாக ஆக அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் பெருகும். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, அது சும்மா ஓடிவந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடும். மூன்றாவதும் அப்படியே. இதில் டிரைவரின் சதி ஒன்றுமில்லை.

மருந்து என்ன? நடுவழியில் ஓர் ஆள் நின்று பின்வண்டியைப் பிடித்துவைக்க வேண்டும், அல்லது முன்வண்டியை ஆள் ஏற்றாமல் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ளே இருப்பவர் திட்டுவார், வெளியே நிற்பவரும் திட்டுவார். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, வண்டி எங்கே இருக்கிறது என்று திரையில் தெரியும். தெரிந்தால் மட்டும் போதாது, பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் குறைத்துவிட்டார்கள்.

பெரம்பூர், இல்லத்தரசி: எங்கள் மாமனார் மில் வேலைக்குப் போன காலத்தில் சங்குக்குத் தகுந்தபடி பஸ் வரும் என்பார். உண்மையா?

உண்மைதான் அம்மா. வடசென்னையின் பழைய அட்டவணையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஷிஃப்ட் நேரம் தெரிய வேண்டும். பெரம்பூரில் பின்னி மில், ஐ.சி.எஃப்., செம்பியத்தில் சிம்சன், திருவொற்றியூரில் விம்கோ, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட். இத்தனைக்கும் விடியற்காலையில் ஆள் போய்ச் சேர வேண்டும். தென்சென்னையில் காலை ஒன்பது மணிக்கு முட்டுகிற கூட்டத்தை நாங்கள் ஐந்து மணிக்கே பார்ப்போம். கையில் டிபன் கேரியர், பாதித் தூக்கம்.

பின்னி மில் 1996-ல் மூடியது. கூட்டம் ஒரே வேளையில் வருவது குறைந்து, நாள் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் முதல் வண்டியின் மதிப்பு குறையவில்லை. இன்றைக்கு அதில் வருபவர்கள் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள். வண்டி குறைவு என்று காலை முதல் டிரிப்பில் கைவைப்பவர்களுக்கு அந்த நேரத்து ஸ்டாப்பில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

இன்னொன்று, 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி முதலில் ஆஸ்டின் கார் பூட்டிய கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கே வேலைக்குப் போனவர், அங்கே செய்த சேஸி மேல் கட்டிய பஸ்ஸிலேயே போனார்.

வியாசர்பாடி, பள்ளி மாணவி: சென்னைக் கண்டக்டர் மட்டும் ஏன் உட்கார்ந்த இடத்திலேயே டிக்கெட் கொடுக்கிறார்?

நல்லா மாட்டிவிட்டாய் பாப்பா. ஏறுவதற்குப் பின்வாசல், இறங்க முன்வாசல் என்று ஏற்பாடு. ஏறுகிறவர் கண்டக்டரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் பின்வாசல் பக்கம் அவருக்கு ஒரு சீட். நெரிசலில் காசு கை மாறி கை மாறி வரும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பப் போகும். பத்து ரூபாய் நோட்டு இடையில் காணாமல் போனதை நான் பார்த்ததே அபூர்வம்.

அந்தக் காலத்தில் மெஷின் கிடையாது. விலைக்கு ஒரு நிறமாக டிக்கெட் கட்டுகள் இடக்கையில் இருக்கும். கட்டணம் மாறுகிற ஸ்டாப்புக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர், ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒவ்வொரு கட்டின் மேல் டிக்கெட் எண்ணையும் ஷீட்டில் எழுத வேண்டும். இதுதான் 'ஸ்டேஜ் குளோஸ்'. எழுதாமல் இருக்கும்போது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் தொலைந்தோம். ஓடுகிற வண்டியில், கக்கத்தில் பை, பல்லில் விசிலோடு எழுதிப் பார்த்தால் தெரியும்.

எம்.கே.பி. நகர், வீட்டு வேலை செய்யும் பெண்: 'பிங்க் பஸ்' மட்டும்தான் ஃப்ரீ. அது வரும்வரை எத்தனை டீலக்ஸை விடுவது?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அடையாளம் தெரியவேண்டும் என்று 2022-ல் முன்னும் பின்னும் பிங்க் அடித்தார்கள். அந்தப் பணத்தை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. உங்கள் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று எனக்குத் தெரியும். ஆகவே எந்தத் தடத்தில் எத்தனை சாதாரண வண்டி ஓடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தனியாகக் கேட்டால் காதில் விழாது. தெருவில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, தடம், ஸ்டாப், நேரம் எழுதி டெப்போ மேலாளரிடம் கொடுங்கள். 'பஸ் சரியில்லை' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது.

சர்மா நகர், ஐ.டி.ஐ. மாணவர்: கரன்ட் பஸ் டிரைவர் அரசு ஊழியரா?

இல்லை. 2025 ஜூன் 30 அன்று நம்ம வியாசர்பாடி டெப்போவிலிருந்துதான் முதல் 120 மின்சார பஸ்கள் கிளம்பின. வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்துடையது, கண்டக்டர் கழகத்து ஆள். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் கொடுக்கும். வண்டி அருமை: தாழ்தளம், சத்தமில்லை, சக்கர நாற்காலியும் ஏறும். டெப்போவில் டிரைவர் வேலை நிரந்தரம் என்று இருந்தது மெல்லக் கழன்று போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

தண்டையார்பேட்டை, பெயர் வேண்டாம் என்றவர்: மாடி பஸ் ஏன் நின்றது?

2008-ல் நிறுத்தினார்கள். மேம்பாலம், மரக்கிளை, கேபிள் எல்லாம் நடுவே மாடியோடு எங்கே போவது?

புதுவண்ணாரப்பேட்டை, கூரியர் ஊழியர்: பஸ்ஸில் பையை விட்டுவிட்டால் யாரிடம் போவது?

டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, நேரம் அதில் இருக்கும். அதோடு அந்தத் தடத்தின் டெர்மினஸுக்குப் போய் டைம் கீப்பரைப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்த வண்டி, எந்த டெப்போ, அடுத்து எப்போது வரும் என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பை கண்டக்டரிடமே இருக்கும், இல்லையென்றால் டெப்போ அலுவலகத்தில் ஒப்படைத்திருப்பார். உள்ளே என்ன இருந்தது என்று சரியாகச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டு டப்பா என்றால் அன்றைக்கே போய்விடுங்கள்.