இங்கிலாந்தில் பிரசவத் தேதியும் வாரக் கணக்கும்

வாழ்த்துகள்மா! அம்மா பக்கத்தில் இல்லாத ஊரில் இப்படி ஒரு செய்தி வந்தால் சந்தோஷத்தோடு பதற்றமும் சேர்ந்தே வரும்.

நீங்கள் கேட்டது இது. கடைசி மாதவிலக்கு பிப்ரவரி 10. ஆறு வாரம் ஆகிவிட்டது, பிரசவம் நவம்பர் 17 என்கிறது போனில் இருக்கும் கர்ப்பக் கணக்கு ஆப். ஆனால் உங்களுக்கு எப்போதும் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். எந்தத் தேதியை நம்புவது, ஸ்கேனுக்கு எந்த டாக்டரிடம் போவது, மூன்று மாதம் முடிந்து சொன்னால் போதும் என்று அம்மா சொல்வது சரியா?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு மூன்று மாதம் கழித்தே சொல்லுங்கள். மிட்வைஃபுக்கு, அதாவது கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிக்கும் பயிற்சி பெற்ற செவிலிக்கு, இன்றே சொல்லுங்கள். இங்கே அவருடன் முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது கணக்கு. தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கான பரிசோதனையையும் அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். நம் ஊர் மாதிரி மகப்பேறு டாக்டரை நாமே தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்து என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், அல்லது ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரின் ரிசப்ஷனில் சொன்னால் வழி காட்டுவார்கள். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியிருப்பீர்கள், அதனால் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதுவும் இலவசம்தான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இன்றைக்கே வாங்கி 12 வாரம் வரை தினமும் போடுங்கள். சர்க்கரை நோயோ தலசீமியாவோ இருந்தால் அந்த அளவு போதாது, ஜி.பி.யிடம் சொன்னால் கூடுதல் அளவு எழுதித் தருவார்.

இனி தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். உங்களுக்கு அது நவம்பர் 17. ஆனால் இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சியை வைத்து, பதினான்காம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்று எடுத்துக்கொள்கிறது. 35 நாள்காரர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளித்தான் வரும். எனவே நவம்பர் 24 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப் ஆறு வாரம் என்று காட்டினாலும் உங்கள் கரு ஐந்து வாரக் கருவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது ஏன் முக்கியம் என்றால், பயந்துபோய்த் தனியார் கிளினிக்கில் பணம் கட்டி இப்போதே ஸ்கேன் எடுத்தால் இதயத் துடிப்பு தெரியாமல் போகலாம். கரு நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் அழுதுகொண்டு கிடப்பீர்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் அந்த வேதனையைப் பட்டிருக்கிறார்கள்.

என்.எச்.எஸ்.ஸில் முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள். உங்களுக்கு அது மே மாதம். ஊரில் ஆறு, ஏழு வாரத்திலேயே எடுத்துவிடுவார்களே, இவர்கள் அலட்சியமாக இருக்கிறார்களோ என்று தோன்றும். அலட்சியம் இல்லை. அந்த நாட்களில் குழந்தையின் தலையிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளந்தால் வயது கிட்டத்தட்டச் சரியாகத் தெரிந்துவிடும், ஏனென்றால் ஆரம்ப வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. பிறகு அப்படி இல்லை; அப்பா அம்மாவின் உடல்வாகு, சத்து எல்லாம் சேர்ந்து வளர்த்தி மாறிவிடும். அதனால் மே மாத ஸ்கேன் சொல்லும் தேதிதான் உங்கள் தேதி. என் மூத்தவளுக்கும் அந்த ஸ்கேனில்தான் தேதி தள்ளிப்போனது. அதற்கப்புறம் ஊருக்குப் போய் ஏழாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் வேறு தேதி காட்டினாலும் மாற்றாதீர்கள். அது வளர்த்தியைப் பார்க்க எடுப்பது. ஆனால் மே மாதத்துக்கு முன்பே ரத்தப்போக்கோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ வந்தால் காத்திருக்கவே கூடாது. ஜி.பி.யை அல்லது 111 என்ற என்.எச்.எஸ். உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தாங்க முடியாத வலி, மயக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 999.

அம்மா 'எத்தனாவது மாசம்?' என்று கேட்பார், இங்கே யாரும் மாதம் பேச மாட்டார்கள். ரிப்போர்ட்டில் 12+3 என்று இருந்தால் 12 வாரம் 3 நாள். எல்லாமே இந்த எண்ணில்தான் ஓடும். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 21 வாரத்துக்குள், உங்களுக்கு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம். 20 வாரம் ஆனதும் மேட் பி 1 என்ற கர்ப்பச் சான்றிதழ் தருவார்கள், வேலையில் இருந்தால் பிரசவ விடுப்புச் சம்பளத்துக்கு அது கட்டாயம் வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. தெற்காசியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் நம்மைக் கூப்பிடுவார்கள், தவறாமல் போங்கள். ஆப்பில் இந்த வாரம் எலுமிச்சை, அடுத்த வாரம் ஆரஞ்சு என்று வருவதையும் ஆசையாகப் பாருங்கள், தப்பில்லை. அதைவிட முக்கியம் அசைவு. 16 முதல் 24 வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். 24 ஆகியும் தெரியாவிட்டால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது வழக்கத்தைவிடக் குறைந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். கடைசி மாதத்தில் இடமில்லாததால் அசைவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சமும் வேண்டாம்.

வளைகாப்புக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் 28 வாரத்துக்குமேல் பல விமான நிறுவனங்கள் டாக்டர் அல்லது மிட்வைஃபின் கடிதம் கேட்கும், 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். அம்மாவை இங்கே வரவழைக்கும்போது குறித்த தேதிக்கு டிக்கெட் போடாதீர்கள். சொன்ன தேதியிலேயே பிறப்பது இருபதில் ஒரு குழந்தை கூட இருக்காது. 37 வாரத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், 41 தாண்டினால் வலி வரவைக்கலாமா என்று கேட்பார்கள். நவம்பர் 24 என்றே வைத்தால் நவம்பர் 3 முதல் டிசம்பர் முதல் வாரம் வரை. அம்மா அக்டோபர் கடைசியில் வந்துவிடட்டும். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை இருக்கலாம், எனவே திரும்பும் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டாகப் பாருங்கள். மே ஸ்கேன் முடிந்து தேதி உறுதியான பிறகு டிக்கெட் போட்டால் போதும்.