பிரேக்பாயின்ட் வெற்று வட்டமாகவே நிற்கிறதா?

பில்ட் பிழையில்லாமல் முடிகிறது, டீபக்கர் ஐஐஎஸ்ஸோடு (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர்) அட்டாச்சும் ஆகிறது, ஆனால் உங்கள் மாட்யூலில் வைத்த பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்திப் பார்க்க வைக்கும் குறி) மட்டும் சிவப்பு நிரம்பாமல் வெற்று வட்டமாக இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் நிரல் கோடில் தப்பு இருக்காது. ஓடிக்கொண்டிருப்பது நீங்கள் பார்க்கும் கோடே அல்ல.

அட்டாச் ஆன நிலையில் விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் மெனுவில் விண்டோஸ், அதற்குள் மாட்யூல்ஸ் பட்டியலைத் திறந்து உங்கள் டிஎல்எல்லை (பில்டில் உருவாகும் கோப்பு) தேடுங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால், தளத்துக்கு இன்னும் ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை, அல்லது வேறொரு ஆப் பூலின் (ஐஐஎஸ் தளங்களைப் பிரித்து ஓட்டும் குழு) டபிள்யூ3டபிள்யூபி புராசஸைப் பிடித்திருக்கிறீர்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு ஓடும். அட்டாச் விண்டோவின் பயனர் பெயர் பத்தியில் வழக்கமாகப் பூலின் பெயர் தெரியும். (விஷுவல் ஸ்டுடியோவை அட்மினாகத் திறந்தீர்கள்தானே?)

டிஎல்எல் இருக்கிறது, ஆனால் சிம்பல் (ஓடும் டிஎல்எல்லைக் கோட் வரிகளோடு இணைக்கும் தகவல், பிடிபி கோப்பில் இருக்கும்) ஏறவில்லை என்றால் அந்த டிஎல்எல் உருவான நேரத்தைப் பாருங்கள். பாதையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏஎஸ்பி.நெட் 'பின்' (bin) ஃபோல்டரிலிருந்து தற்காலிக ஃபோல்டருக்கு நகலெடுத்துத்தான் ஓட்டும். நேரம் பழையதாக இருந்தால் புது டிஎல்எல் போய்ச் சேரவில்லை. நான் ஒருமுறை அரை நாள் தொலைத்தது இதில்தான்: பிடிபியை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு டிஎல்எல்லை மறந்திருந்தேன். இரண்டும் ஒரே பில்டில் பிறந்திருக்க வேண்டும்.

அப்புறம், பிரேக்பாயின்டில் நின்று நிதானமாக யோசிக்கும்போது புராசஸே செத்துப்போகும். வழக்கமான அமைப்பில் ஐஐஎஸ் அனுப்பும் பிங்குக்கு (புராசஸ் உயிரோடு இருக்கிறதா என்ற விசாரிப்பு) 90 நொடிக்குள் பதில் வராவிட்டால் அதைக் கொன்றுவிடும். ஆப் பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிங்கை அணைத்துவிடுங்கள், உங்கள் கணினியில் மட்டும்.