மனைவி பேரில் 51 சதவீதம் மாற்றினால் டெண்டர் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் நானும் மனைவியும் ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்து அலுவலகத் துப்புரவு நிறுவனம் நடத்துகிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். பக்கத்து நகர நிர்வாகம் நூலகங்களைச் சுத்தம் செய்ய டெண்டர் விட்டிருக்கிறது. உள்ளூர் நிறுவனத்துக்கும் சிறுபான்மையினர் நிறுவனத்துக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டாம். மனைவி பேருக்கு 51 சதவீதம் மாற்றிவிட்டு, அந்த ஊரில் ஒரு தபால் பெட்டி எடுத்தால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: முதலாவது உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது வம்பு.

சிறுபான்மையினர் நிறுவனம் என்று சான்று பெற, குறைந்தது 51 சதவீதப் பங்கு சிறுபான்மையினரிடம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அதை ஒரே ஆள் வைத்திருக்க வேண்டியதில்லை, சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். நீங்கள் இருவருமே இந்திய வம்சாவளி என்றால், இப்போதே கணக்கு 100 சதவீதம். மனைவி பேரில் மட்டும் 51 தேவைப்படுவது பெண்கள் நடத்தும் நிறுவனம் என்ற சான்றுக்கு. அது தனிச் சான்று. இந்த டெண்டரில் அதற்கு மதிப்பெண் உண்டா என்று பார்த்தீர்களா?

உண்டு என்றாலும் பங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. சான்று தருபவர்கள் நிர்வாகம் யார் கையில் என்று துருவுவார்கள், நேரிலும் வரலாம். போன டெண்டருக்கு விலை போட்டது யார், காசோலையில் கையெழுத்து யாருடையது, ஆள் எடுப்பது யார் என்று மனைவியிடம் கேட்பார்கள். "அதெல்லாம் அவர்தான் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால் அந்த விண்ணப்பம் தேறுவது கடினம். உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடும் விண்ணப்பம் அது. பொய்யென்று தெரிந்தால் சான்று மட்டும் போகாது, டெண்டரில் கலந்துகொள்ளத் தடை வரலாம், வழக்கும் வரலாம்.

இன்னொன்று, எல்லா ஊர்ச் சிறுபான்மையினர் பட்டியலிலும் இந்தியர்கள் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஒப்பந்தம் எடுப்பவர் அதன் தொகையில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினருக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று விதி போட்டிருந்தது. 1989-ல் குரோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஊரில் பாகுபாடு நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்பதுதான் கேள்வி. எஸ்கிமோக்களுக்கும் சலுகை தந்திருக்கிறீர்களே, ரிச்மண்டில் ஒரு எஸ்கிமோவாவது இருந்தாரா என்கிற தொனியில் தீர்ப்பு போகும்! அதற்குப் பிறகு நகரங்கள் ஆய்வு நடத்தி, எந்தப் பிரிவினர் ஒப்பந்தங்களில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்ட பிறகே சலுகை தருகின்றன. ஆய்வில் நம்மவர்கள் பின்தங்கவில்லை என்று வந்தால் சலுகை கிடைக்காமல் போகலாம். கலிபோர்னியாவில் 1996-ல் நிறைவேறிய 209-வது முன்மொழிவு, அரசு ஒப்பந்தங்களில் இனம், பாலினம் பார்த்துச் சலுகை தருவதையே தடுக்கிறது. அமெரிக்க மத்தியப் போக்குவரத்துத் துறையும், பின்தங்கிய சிறு நிறுவனங்களுக்கான தன் திட்டத்தை 2025 அக்டோபரில் மாற்றிவிட்டது. இனத்தையோ பாலினத்தையோ வைத்து மட்டும் இனி அங்கே தகுதி கிடையாது. பழைய கையேட்டை நம்பி இறங்காதீர்கள்.

சரி, தபால் பெட்டி. 'உள்ளூர்' என்பதற்கு அந்த ஊர் விதியிலேயே விளக்கம் இருக்கும். ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அலுவலகம், அந்த ஊர்த் தொழில் உரிமம், அதுவும் டெண்டருக்குக் குறிப்பிட்ட மாதங்கள் முன்பிருந்தே இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பது சகஜம். வெறும் தபால் பெட்டி செல்லாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்த ஊர்களும் உண்டு. உங்களுக்கு அடுத்து வரும் போட்டியாளர் முதலில் தோண்டுவது இதைத்தான்.

அதனால் டெண்டர் ஆவணத்தில் சந்தேகம் கேட்கக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருக்கும், அதற்குள் எழுத்தில் இரண்டு கேள்வி அனுப்புங்கள்: ஆசிய இந்தியர்கள் இந்தத் திட்டத்தில் அடங்குவார்களா, விலை சமர்ப்பிக்கும் நாளிலேயே சான்று கையில் இருக்க வேண்டுமா? சான்று வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இந்த முறை உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குத் துணை ஒப்பந்தக்காரராகப் போக முடியுமா என்றும் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.