பத்து நிமிடத்தில் சுரங்கம் காட்டும் மெஷின்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் ஓரிடத்தில் உலக்கையால் இடித்தால் தொம்மென்று கேட்கிறது. கோட்டையிலிருந்து வரும் சுரங்கம் என்கிறார்கள் பெரியவர்கள். "பிரமிடில் அறை கண்டுபிடித்த காஸ்மிக் கருவி" என்று ஒருவர் கையடக்க மெஷினோடு வந்தார். பத்து நிமிடத்தில் காட்டுவாராம், முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

பிரமிடு விஷயம் உண்மைதான். விண்வெளியிலிருந்து வரும் விண்கதிர்கள் (காஸ்மிக் கதிர்கள்) காற்றுமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் மியூவான் துகள்கள் எந்நேரமும் நம்மேல் பொழிகின்றன. உங்கள் உள்ளங்கை வழியாகவே நிமிடத்துக்கு நூறு போகும். கல்லும் மண்ணும் அதிகமானால் குறைவாக வரும். நடுவில் வெற்றிடம் இருந்தால் அந்தத் திசையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தக் கூடுதலை எண்ணிப் பிடிப்பதுதான் வித்தை.

ஆனால் மியூவான் மேலிருந்து விழுவது. கருவியைத் தேடும் இடத்துக்குக் கீழே வைக்க வேண்டும், மலை மாதிரி உயர்ந்த பொருளென்றால் பக்கத்திலாவது. எகிப்தின் கூஃபு பிரமிடில் 30 மீட்டர் நீள வெற்றிடம் இருப்பதாக 2017-இல் அறிவித்தவர்கள், பிரமிடுக்குள் அரசி அறையில் மியூவான் தடம் பதியும் படலங்களை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 10 மீட்டர் ஆழத்துக் கல்லறையைத் தேட, 18 மீட்டர் ஆழத்தில் கருவி வைத்துச் சுமார் ஒரு மாதம் காத்திருந்தார்கள். (அவ்வளவு செய்தும் ஒன்றும் கிடைக்காமல் போவதுண்டு. 1970-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆல்வரெஸ் எகிப்தின் காஃப்ரே பிரமிடை இப்படிப் பார்த்து, தான் பார்த்த பகுதியில் அறை இல்லை என்றுதான் எழுதினார்.) கொல்லையில் நின்று நீட்டும் மெஷினுக்கு வானம்தான் தெரியும், பாதாளம் தெரியாது. "எவ்வளவு ஆழத்தில், எத்தனை வாரம் வைப்பீர்கள்?" என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கெடிலம் ஆறும் கடலும் பக்கத்தில். கருவிக்குக் குழி வெட்டினால் அநேகமாக ஊற்றுதான் வரும். உங்களுக்குப் பொருந்துவது ஜிபிஆர் எனும் தரை ரேடார். மேலிருந்தே மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்ப்பது. காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும், உப்புநீர் ஏறிய மண்ணில் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் கோடையில் எடுங்கள், கூடவே மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் பழைய உறைகிணறு, மலத்தொட்டி எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். என் சந்தேகம் அங்கேதான். அப்புறம், அந்த இடத்தில் இனி உலக்கை வேண்டாம். சுற்றி வேலி கட்டுங்கள். திறக்க நேர்ந்தாலும் உடனே இறங்காதீர்கள், விஷவாயு இருக்கலாம். பழைய காசு, சிலை ஏதாவது கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே தெரிவித்தாக வேண்டும்.