கடலில் கலக்கும் மீன்கள்: கேள்விகளும் பதில்களும்

கடல்மீன்களில் கலப்பினம் உண்டாவது பற்றியும் புதிய சிற்றினம் தோன்றுவது பற்றியும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடு. மீனிலும் அப்படித்தானே? பிறகு கலப்பினத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: நாம் எல்லோரும் கோவேறு கழுதையை வைத்தே இந்தப் பாடத்தைப் படித்தோம் டீச்சர். அதனால் எல்லா உயிருக்கும் அதே கதை என்று மனதில் பதிந்துவிட்டது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. பிள்ளைக்கு 63. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று சரியாக இணை சேராததால் விந்தும் முட்டையும் ஒழுங்காக உருவாவதில்லை. கடல்மீன்களில் பலவற்றுக்கு 48 குரோமோசோம். நெருங்கிய உறவுள்ள இரண்டு சிற்றினங்கள் கூடினால் எண்ணிக்கையில் இடிப்பதில்லை. குஞ்சு வளர்ந்து, பெற்றோர் இனங்களில் ஒன்றோடு மறுபடி கூடி, அதன் குஞ்சும் பிழைக்கலாம். அப்படி நாலைந்து தலைமுறை போனால், பார்க்க அசல் ‘அ’ இனமாக இருக்கும் மீனுக்குள் ‘ஆ’ இனத்தின் மரபணுத் துண்டுகள் சில தங்கியிருக்கும். மரபணுக் கசிவு என்று இதைச் சொல்கிறோம்.

கேள்வி (மீன்தொட்டி வைத்திருப்பவர்): பவுடர் ப்ளூ டாங் என்று வாங்கினேன் அண்ணா. நீலம் மங்கலாக, பழுப்படித்தது போல இருக்கிறது. நோயா, கலப்பா?

பதில்: படத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் தம்பி. பயத்தில் இருக்கும் மீனும் நிறம் மங்கும். ஆனால் கலப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. அசல் மீனுக்கு வான நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. இது இந்தியப் பெருங்கடல்காரர். பசிபிக் பக்கம் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. அதன் உடம்பு கரும்பழுப்பு, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, துடுப்பின் அடியில் மஞ்சள் கோடு. இரண்டுக்கும் பிறந்தவை நிறத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

அவை சந்திக்கும் இடங்களில் பெயர்பெற்றது ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்மஸ் தீவு. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது, இன்றைய சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய தரையாக இருந்தன. இரண்டு பெருங்கடல்களின் மீன்களும் இப்படி நெடுங்காலம் பிரிந்து தனித்தனியாக மாறின. நீர் ஏறிய பின் அவற்றின் வாரிசுகள் இந்தத் தீவில் மீண்டும் சந்திக்கின்றன. ஜான்-பால் ஹாப்ஸும் கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இங்கும் மேற்கே தள்ளியிருக்கும் கோகோஸ் தீவுகளிலும் 11 வகைக் கலப்பினங்களைப் பதிவு செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோரில் ஒரு இனமாவது அந்தப் பாறைகளில் அரிது. தன் இனத்தில் துணை கிடைக்காத மீன், நெருங்கிய சொந்தத்தோடு சேர்ந்துகொள்கிறது.

கேள்வி (முதுகலை மாணவி): சார், எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்கோடு முறையில்தான், அதாவது ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைப் படித்துத்தான், மீனை அடையாளம் காண்கிறோம். கலப்பினத்தை அது காட்டிக்கொடுக்குமா?

பதில்: காட்டாதும்மா. நீங்கள் படிப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. தகப்பன் யார் என்று அதில் எழுதியிருக்காது.

இதற்கு அருமையான ஆதாரம் ஒரு கோமாளி மீன். தலையில் வெள்ளைக் குல்லாய் போட்டது போல இருக்கும். பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம் கிடைக்கிறது. 1973-ல் இதைத் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தால் இரண்டு கோமாளி மீன்களின் கலப்பு: ஒன்று உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது, மற்றது முதுகு நெடுக ஒரே வெள்ளைக் கோடு ஓடுவது. கோமாளி மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண், அடுத்தது ஆண். பட்டை போட்ட இனம் உருவத்தில் பெரியது. ஆகவே இரண்டும் ஒரே கடல்தாமரையில் (கோமாளி மீன்களுக்கு வீடான, பூப்போன்ற கடல் உயிரி) குடியேறினால் பெண்ணாக நிற்பது அதுவே. குல்லாய் மீனின் பார்கோடு பெரும்பாலும் அந்தத் தாயின் பெயரையே சொல்லும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் படியுங்கள். அப்போதுதான் தகப்பன் தெரிவான்.

கேள்வி (பொறியாளர்): கடலில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. லார்வாக்கள், அதாவது முட்டையிலிருந்து வந்த இளங்குஞ்சுகள், வாரக்கணக்கில் மிதந்து போகின்றன. எல்லாம் கலந்து ஒன்றாகிவிடாமல் சிற்றினம் எப்படிப் பிரிகிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கரீபியன் பவளப்பாறைகளில் ஹேம்லட் என்ற உள்ளங்கை அளவு மீன்கள் இருக்கின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று பட்டை போட்டது, ஒன்று வெண்ணெய் நிறம் என்று பத்துப் பதினைந்துக்கும் மேல். ஒரே பாறையில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஒவ்வொரு மீனும் ஒரே நேரத்தில் ஆணும் பெண்ணும். ஆனால் தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்வதில்லை. பொழுது சாயும் நேரத்தில் இரண்டு மீன்கள் பாறைக்கு மேலே எழுந்து, ஒன்றை ஒன்று தழுவும். ஒன்று கொஞ்சம் முட்டை விடும், மற்றது விந்து விடும். சிறிது நேரம் கழித்து முறை மாறும். கொடுக்கல் வாங்கல் போல இருட்டும்வரை இது நடக்கும்.

கவனியுங்கள்: அந்த மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு கறுப்பைத்தான் தேடிப் போகிறது. வேறு நிறத்தோடு சேர்வது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அப்படிச் சேர்ந்தால் முட்டை பொரிக்கிறது, குஞ்சும் பிழைக்கிறது. உடலுக்குள் தடுப்பு ஒன்றும் இல்லை.

முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 2019-ல் ஓஸ்கார் புயப்லாவின் குழு முடிவை வெளியிட்டது. தொகுதியின் பெரும்பகுதியில் கறுப்புக்கும் வெண்ணெய்க்கும் வித்தியாசமே தெரியவில்லை. சில இடங்களில் மட்டும் ஊசி முனை போல வித்தியாசம் எழுந்து நிற்கிறது. அங்கே இருப்பவற்றில் சில நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள், சில கண்ணில் ஒளியை வாங்கும் மரபணுக்கள். இவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல. ஆனாலும் சேர்ந்தே போகின்றன, காரணம் மீன்கள் தங்களைப் போன்றதையே தேர்ந்தெடுக்கின்றன. முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலை செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் நிறமும் செய்கின்றன.

கேள்வி (அதே பொறியாளர்): நிறம் மட்டும் மாறினால் தனிச் சிற்றினம் என்று சொல்லலாமா?

பதில்: நான் சொல்வேன். சொல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நிறம் துணை தேடுவதற்கு மட்டும் பயன்படவில்லை என்பது என் வாதம். வெண்ணெய் ஹேம்லட் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனைப் போல வேடம் போடுகிறது. சாதுவான அந்த மீனின் பக்கத்திலேயே நீந்திப்போய், ஏமாந்த இரையைப் பிடிக்கிறது. பாதி நிறத்தோடு பிறந்த கலப்புக்கு வேடமும் சரியாகப் பொருந்தாது, துணையும் எளிதில் கிடைக்காது.

கேள்வி (கல்லூரி மாணவர்): நிறம் தவிர வேறு எதனால் பிரியலாம்?

பதில்: உப்பினால். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் உப்பு குறைவு. மிதக்கும் முட்டையிடும் தட்டை மீனின் முட்டை கரையோர நன்னீர்ப் பாங்கான நீரில் மூழ்கிவிடும். அங்கே ஒரு தட்டை மீன் தரையில் முட்டையிடப் பழகி, அந்த நீரிலேயே நீந்தும் விந்தும் பெற்றது. 2018-ல் அதைத் தனிச் சிற்றினமாக அறிவித்தார்கள். பால்டிக் கடலே சில ஆயிரம் ஆண்டுப் பழமைதான். இவ்வளவு சீக்கிரம் பிரிந்த கடல்மீன் வேறு தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (இன்னொரு மாணவர்): விலாங்கில் கலப்பு உண்டா?

பதில்: உண்டு. ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் அட்லாண்டிக்கின் ஒரு பகுதியான சர்காசோ கடலில்தான் முட்டையிடுகின்றன. முதுகெலும்புக் கணுக்களை எண்ணிப் பிரிப்பார்கள்: அமெரிக்காவினதுக்கு 103 முதல் 110, ஐரோப்பாவினதுக்கு 110 முதல் 119. கலப்புகள் அதிகம் பிடிபடுவது ஐஸ்லாந்தில், இரண்டு கரைக்கும் நடுவே.

கேள்வி (மீன் பண்ணையாளர்): ஹைபிரிட் கலவா குஞ்சு வளர்க்கலாம் என்கிறார்கள். கடலுக்குக் கேடு வருமா ஐயா?

பதில்: புலிக் கலவாவின் முட்டையில் ராட்சதக் கலவாவின் விந்தைக் கலந்து செய்யும் மீன் அது. 2000-களின் நடுவில் மலேசியாவின் சபாவில் தொடங்கியது. நன்றாக வளரும், விலையும் உண்டு. தொழிலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடலில் இந்த இரண்டும் தாமாகச் சேரக் காணோம், மனிதக் கைதான் சேர்த்தது. கிறிஸ்மஸ் தீவில் நடப்பது இயற்கையின் போக்கு, கூண்டு கிழிந்து ஓடுவது அப்படியல்ல. வலையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். வேண்டுதலுக்காகக் கூட ஒன்றையும் கடலில் விடாதீர்கள்.

கேள்வி (கடலுக்குப் போகிறவர்): சில நேரம் எதிலும் சேராத மீன் ஒன்று வலையில் வரும். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அண்ணே, உங்களைப் போன்றவர்கள் கண்ணில்தான் முதலில் படும். ஐஸில் போடுமுன் ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, துடுப்பை விரித்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்துப் படம் எடுங்கள். நிறம் சில நிமிடத்தில் ஓடிவிடும். பிறகு துடுப்பில் விரல் நகம் அளவு வெட்டி, சாராயச் சத்து அதிகமுள்ள ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ. சிதைந்துவிடும். எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், கூட என்ன மீன் வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பியிலேயே போட்டுவிடுங்கள். பேனா மை அழிந்துவிடும்.