பணவீக்கம் குறைஞ்சா விலை இறங்காது தம்பி

தம்பி, கிளிநொச்சியில இருந்து கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு இப்பதான் வந்திருக்கிறீர். பணவீக்கம் 2 வீதத்துக்குக் கிட்ட எண்டு செய்தியில சொல்லியும் கடையில ஒரு சாமானும் மலியேல்லை, இது பொய்க்கணக்கோ எண்டு கேட்டிருக்கிறீர். குளிர் உடுப்பும் வேலையும் ஆரிட்டக் கேட்டாலும் சொல்லுவினம். நான் விலைக் கதைக்கு வாறன்.

கணக்குப் பொய்யில்லை. 2022 ஜூனில இஞ்ச பணவீக்கம் 8.1 வீதம். பிறகு குறைஞ்சது விலை ஏறுற வேகம் மட்டும்தான். ஏறின விலை ஏறினபடியே நிக்குது. ஊரிலயும் பாத்திருப்பீர்: 2022 செப்ரெம்பரில கொழும்புப் பணவீக்கக் கணக்கு 69.8 வீதம், அடுத்த ஜூலையில 6.3. கிளிநொச்சிச் சந்தையில அரிசி பழைய விலைக்கு வந்ததோ?

வாடகையிலதான் கவனம் வேணும். பணவீக்கம் கணக்கிடுற விலைச் சுட்டெண்ணில பழைய குடித்தனக்காரரும் புதுசா வந்தவரும் ஒண்டாக் கலந்திருக்கினம். எங்கட மாகாணம் ஒன்ராறியோவில பழைய ஆளுக்கு வழமையா ஒரு உச்சவரம்புக்கு மேல கூட்டேலாது. 2025-இல அது 2.5 வீதம். நீர் குடுக்கிறது இண்டைய சந்தை வாடகை. அதோட 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலா ஆள் குடிவந்த இடத்துக்கு அந்த உச்சவரம்பே இல்லை. தனி வீடாப் புதுசாப் பிரிச்ச பேஸ்மென்ட்டும் (கீழ்த்தளம்) இதுக்குள்ள வரலாம். கையெழுத்து வைக்க முந்தி கட்டாயம் கேளும்.

மற்றது கைக்காசு வேலை, கணக்கில காட்டாமல் கையில காசு தாற வேலை. ஒன்ராறியோவில சட்டப்படி குடுக்கவேண்டிய ஆகக் குறைஞ்ச சம்பளம் 2025 ஒக்ரோபரில மணிக்கு 17.60 டொலர் ஆச்சு. ஒக்ரோபரில அதைக் கூட்டுறதே நீர் பொய்யோ எண்டு கேக்கிற அதே பணவீக்கக் கணக்கை வைச்சுத்தான். கைக்காசுக்கு நிண்டால் அந்தக் கூட்டல் உம்மட கைக்கு வராது. எனக்கு முதல் வேலை தந்தவரும் எங்கட ஆள்தான். சட்டச் சம்பளம் கேட்டதுக்கு, "ஊரில இது கிடைக்குமோ?" எண்டார். அதை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை.

"நாங்கள் மணிக்கு 6.85 டொலருக்கு மாரடிச்சு வீடு வாங்கினாங்கள்" எண்டு சொல்லுற ஆக்களையும் காணுவீர். 1995-இல இருந்து 2004 வரை அந்தச் சம்பளம் அசையேல்லைதான். ஆனா 1996-இல ரொறன்ரோவில சராசரி வீடு 2 இலட்சம் டொலருக்குள்ள. 2022 பெப்ரவரியில அது 13 இலட்சத்தைத் தாண்டிச்சு. சம்பளம் இரண்டு மடங்கு சொச்சம், வீடு ஆறு மடங்குக்கு மேல. வாற பிள்ளைகளைச் சோம்பேறி எண்டு சொல்ல இவைக்கு வாய் கூசவேணும்.

நான் கணக்கெழுதப் பழகினது வன்னியில. யுத்தத்தில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் ஒண்டும் ஒழுங்கா வராது. துளி பெற்றோலில ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓட்டினாங்கள். கொழும்புச் சுட்டெண்ணில எங்கட விலை இல்லை. அதால அம்மா கொப்பியில தானே எழுதுவா. நான் இஞ்சயும் வாடகை, பால், அரிசி, பஸ் எண்டு எழுதி வைச்சு, வருஷக் கடைசியில என்ர வீட்டுப் பணவீக்கத்தைப் பாக்கிறன். நீரும் எழுதும்.

விலை உண்மையாவே விழுந்து எங்கட சனம் கண்டது 2002-இல வன்னிக்கூடாப் போற ஏ9 வீதி திறந்தாப் பிறகு. சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் மூண்டுக்கும் பழைய விலையையும் புது விலையையும் அம்மா கடிதத்தில எழுதி அனுப்பினா. லொறி தடையில்லாமல் வரத் தொடங்கினதுதான் காரணம் எண்டும் எழுதியிருந்தா.